வெண்டிக்காய்ச் சளியும் சாட்சிக் கண்ணாடியும்

இன்று காலை களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வெண்டிக்காய்க்காரியோடு சண்டை பிடித்தேன். நீ பக்கத்தில் நின்றிருந்தால், எனக்கு நீ வைத்த மிளகாய்ப் பெயரைச் சொல்லி, "கொச்சிக்கா காலங்காத்தால தொடங்கித்தாள்" என்று சிரித்திருப்பாய். அவள் பிஞ்சுக் காயாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பைக்குள் போடப் போட, நான் எடுத்து எடுத்து வெளியே வைத்தேன். கறிக்குப் பிஞ்சு நல்லதுதான். எனக்கு வேண்டியது வெட்டும்போது கத்தியோடு நூல் நூலாக இழுபடுகிற காய். "இவ்வளவும் எந்தக் கலியாண வீட்டுக்கு மிஸ்?" என்று கடைசியில் எரிச்சலோடு கேட்டாள். கலியாண வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். பச்சை வாசம் அடித்தது. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் அந்தக் கொழகொழப்பு இழுபட்டது. அவ்வளவுதான், செட்டிபாளையம் தாண்டுவதற்கிடையில் நீ பக்கத்து ஆசனத்தில் வந்து குந்திவிட்டாய். மட்டக்களப்பு பஸ் நிலையம் வரும் மட்டும் எழும்பவில்லை. அப்போதே எழுத வேண்டும் போல இருந்தது. ஆனால் இன்று புதிய பிள்ளைகள் வரும் நாள், மூச்சு விட நேரம் இல்லை. இப்போது பின்னேரம். எல்லோரும் போய்விட்டார்கள். வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு, உன் மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். கோபிக்காதே, மேசையைச் சுத்தமாகவே வைத்திருக்கிறேன்.

நீ போன பிறகு வந்த மூன்றாவது நோன்பும் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல ஒரு பெரிய செய்தி இருக்கிறது. அதை நேரே சொல்லிவிடலாம். ஆனால் உனக்குத்தான் என்னைத் தெரியுமே, நான் எதையும் நேரே சொன்னவளா?

நாம் இருவரும் காசநோய் ஆய்வுகூட வேலை பழகக் கொழும்புக்குப் போன காலம் நினைவிருக்கிறதா? உனக்குக் காத்தான்குடி, எனக்குக் களுவாஞ்சிக்குடி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுகிற ஒரே றோட்டில் வளர்ந்தும், கொழும்பில் ஒரு வாடகை அறையில்தான் நாம் முதன்முதலில் பேசிக்கொண்டோம். அங்கே சொல்லித் தந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி மொழி நமக்கு விளங்கவில்லை. மற்றப் பாதியைப் பயத்தில் மறந்தோம். இரவு அறைக்கு வந்து, நீ கேட்டதையும் நான் கேட்டதையும் ஒட்டிப் பார்த்து ஒரு பாடமாக்குவோம். "எங்கட புள்ளைகள் இப்பிடிப் பாதிப் பாதியாப் படிக்கக் கூடாதுகா" என்று நீ அப்போதே சொன்னாய். நான் சிரித்தேன். நமக்கே வேலை கிடைக்குமோ தெரியாது, இவள் நாட்டுக்கே பள்ளிக்கூடம் கட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் நீ சொன்னதன் அருமை எனக்கு உறைத்தது. நம் ஆட்களின் சளி மாதிரிகளைப் பெட்டியில் கட்டிக் கொழும்புக்குப் போகிற வான் வண்டியில் ஏற்றி விடுவோம். வெயிலில் அது போய்ச் சேரும்போது சிலவற்றில் கிருமி செத்திருக்கும், சிலவற்றில் போத்தல் மூடி கசிந்திருக்கும். முடிவு திரும்பி வருவதற்கிடையில் அந்த மனிதர் வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். கிருமியை வளர்த்துப் பார்க்கிற வேலையையும், அதற்கு ஆட்களைப் பழக்குகிற வேலையையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று நீ கேட்கத் தொடங்கினாய். கேட்டாய், கேட்டாய், எத்தனை வருடம் கேட்டாய். ஒரு கூட்டத்தில் மேலிடத்து மனிதர் ஒருவர், "வாவிக்கரையில விஞ்ஞானியளா?" என்று சிரித்தார். நான் வெடிக்கப் போனேன். நீ மேசைக்கடியில் என் கையை அமத்திப் பிடித்துக்கொண்டு, "ஓம் சேர், வாவியில மீன் மட்டும்தான் பாடுமெண்டு நினைச்சீங்களோ?" என்று கேட்டாய். நம் வாவியின் பாடும் மீன் கதை தெரிந்த அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் பயிற்சி மேசைக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது.

முதல் அணியில் இரண்டே இரண்டு பேர். செட்டிபாளையத்துத் தர்சினி, மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண். ஏறாவூர் ரிஸ்வான், நெசவு வீட்டுப் பையன். இருவரும் பட்டம் முடித்தவர்கள். புத்தகத்தில் உள்ள எல்லாம் தெரியும், கை மட்டும் நடுங்கும். நோயாளியின் சளியை அந்தக் கையில் கொடுக்க எனக்குப் பயம். ஒரு துளி தெறித்தால் கண்ணுக்குத் தெரியாத தூவலாகக் காற்றில் நிற்கும், மூச்சோடு உள்ளே போகும். பச்சைத் தண்ணீரில் பழக்கலாம் என்றேன். "தண்ணி சளியைப் போல இழுபடாது" என்றாய். அடுத்த நாள் வீட்டில் வெண்டிக்காயை ஊறவைத்துப் பிழிந்த கொழகொழப்பை ஒரு போத்தலில் கொண்டு வந்தாய். அதற்குள் நோன்பு காலச் சர்பத்துக்குப் போடுகிற சிவப்புச் சாயம். பிள்ளைகள் இருவரும் அருவருப்பில் முகத்தைச் சுளித்தார்கள். அந்த அளவுக்கு அசல் சளி.

அதற்கு நீ வைத்த சட்டமும் உன்னுடையதுதான். மேசையில் வெள்ளைக் கடதாசி விரிக்க வேண்டும். அதன் மேல் வைத்துச் சிவப்புச் சளியை உறிஞ்ச வேண்டும், ஊற்ற வேண்டும், சின்னக் கண்ணாடித் தகட்டில் பூச வேண்டும், மூட வேண்டும். எல்லாம் முடிந்து பொருட்களைத் தூக்கினால் கடதாசி வெள்ளையாக இருக்க வேண்டும். ஊசிமுனை அளவு சிவப்பு இருந்தாலும் நீ விட மாட்டாய். "மௌத்தாப் போயித்தாய் புள்ள. எழும்பிப் போய்க் கையைக் கழுவித்து வா." இதுதான் தீர்ப்பு. எத்தனை தடவை அந்தப் பிள்ளைகளைச் சாகடித்தாய்! பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, வேலை பழகும் இடத்தில் இப்படி அபசகுனமாகப் பேசலாமா என்று குறைப்பட்டார். "இஞ்ச மௌத்தானா எழும்பலாம். உள்ளுக்குப் போய் மௌத்தானா எழும்ப ஏலா" என்றாய், உண்மையான கிருமியைக் கையாளுகிற உள்ளறையைக் காட்டி. அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

கடதாசி வெள்ளையாகவே இருக்கிற நாளில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் தருவாய். ரிஸ்வான் கெட்டிக்காரன், அறுந்த நூலை முடிந்து வளர்ந்த கை, சீக்கிரமே தயிர் வாங்கிவிட்டான். தர்சினிக்குத்தான் பாடாய்ப் போனது. தகப்பனோடு வலை இழுத்த கை, எதையும் இறுக்கிப் பிடிக்கும். ஒருநாள் அழுதுவிட்டாள். நீ அவளைத் தேற்றவில்லை. "அழுதா மூக்கு ஒழுகும், மறுகா முகமூடியைக் கழட்டணும், அது ஒரு மௌத்து" என்றாய். அழுகை நின்று சிரிப்பு வந்தது. அவளுக்குத் தயிர் கிடைத்த அன்று அவளைவிட நீதான் துள்ளினாய்.

இரண்டாவது சட்டம் சாட்சி. சளிகளைக் கண்ணாடியில் பூசி, சாயம் ஏற்றிக் கழுவும்போது, ஒரு கண்ணாடியில் சளி எதுவும் பூசாமல் வெறுமனே அவற்றோடு சேர்த்துச் சாயம் ஏற்றிக் கழுவ வேண்டும். காசநோய்க் கிருமி நுணுக்குக்காட்டியில் சிவப்புக் கோலாகத் தெரியும். வெறுங்கண்ணாடியில் அது தெரியவே கூடாது. தெரிந்தால் சாயத்திலோ தண்ணீரிலோ ஏதோ கலந்திருக்கிறது, அன்றைய முடிவு முழுவதும் பொய். இப்படி ஒன்று வைப்பது எல்லா ஆய்வுகூடத்திலும் உள்ளதுதான். ஆனால் வேலை கூடின நாட்களில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி போடுவார்கள். நீ விடவில்லை. நோயாளியின் கண்ணாடியை எவ்வளவு நேரம் பார்ப்பாயோ அவ்வளவு நேரம் இதையும் பார் என்றாய். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் தானே என்று ரிஸ்வான் சொல்லிப் பார்த்தான்.

"இது சோறில்ல மனே" என்றாய். "இரிக்கிறத இரிக்கெண்டு ஆரும் சொல்லுவாங்க. ஒண்டுமில்லாத இடத்தில ஒண்டுமில்லண்டு சொல்லப் பழகணும். அதுக்குத்தான் கண் வேணும்."

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. இழுத்தடித்த வருத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் உள்ளறைக்குப் புதிய காற்று வடிகட்டி வந்துவிட்டதா என்றுதான் கேட்டாய், உன் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கவில்லை. கடைசியாக நான் வந்த அன்று என் கையைப் பிடித்து, "அந்த மேசையை மூட விட்டுடாத கொச்சிக்கா" என்றாய். விடமாட்டேன் என்றேன். நான் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவள். அன்று கொடுத்தேன்.

நீ போன அன்று, உன் வீட்டில் பெண்கள் இருந்த அறையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் வாய்க்குள் ஒரே வசனம்தான் ஓடியது. எழும்பு புள்ள, எழும்பிப் போய்க் கையைக் கழுவித்து வா. எத்தனை பேரை எழுப்பியவள் நீ. உன் உம்மா என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை, எனக்கு அவ்வளவு கோபமாக இருந்தது.

நீ போய்ச் சில மாதங்களில் மேலிடத்திலிருந்து அறிவித்தல் வந்தது. தற்காலிக அனுமதி முடிகிறது, வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். பெயர் மறைத்த சளிக் குப்பிகள் கொண்டு வருவார். எதில் கிருமி இருக்கிறது, எதில் இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும், அதுவும் ஒட்டிய உறைக்குள். தர்சினியும் ரிஸ்வானும் தாங்களே பூசி, சாயம் ஏற்றி, பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியென்றால் நிரந்தர அனுமதி, வருடா வருடம் புதிய பிள்ளைகள், ஆராய்ச்சி. ஒன்று பிழைத்தாலும் மேசையை மூடிவிட்டு, பழையபடி போத்தல் கட்டி அனுப்புகிற இடமாக நாம் இருக்கலாம். நான் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு விசயத்தை உடைத்துச் சொன்னேன்.

பரிசோதகர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்துப் பெண்மணி, நம் வயதுதான், சிரிக்காத முகம். மாரி கொட்டித் தீர்த்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கரண்ட் விட்டு விட்டு வந்ததில் தண்ணீரைக் காய்ச்சி வடிநீர் எடுக்கிற நம் பழைய மெசின் சரியாக ஓடியிருக்கவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குத் தன் வான் வெளிக்கிடும், அதற்கிடையில் முடிவு வேண்டும் என்று பரிசோதகர் சொல்லிவிட்டு அடுத்த அறையில் போய் இருந்தார். பிள்ளைகள் தொடங்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன், வாயையும் கட்டிக்கொண்டு. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும்.

பதினொரு மணி போல எல்லாக் கண்ணாடியும் பார்த்து முடிந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோல். சிலதில் நிறைய, சிலதில் ஒன்றிரண்டு. ரிஸ்வான் முகம் மலர்ந்துவிட்டது. தேடியது கிடைத்தால் யாருக்குத்தான் மலராது? எழுதிக் கொடுத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போகலாம் என்று எழும்பினான். தர்சினி எழும்பவில்லை. சாட்சிக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ சொன்ன அளவுக்கு, முழு நேரமும். நான் வாவியில் போகிற தோணியைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ், சாட்சி சிவந்திட்டு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் சுத்தம். ஒரு ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒரு பார்வை பார்க்கிறவர் கண்ணில் படவே படாது. வெறுங்கண்ணாடியில் இரண்டு கோல் என்றால், ஒன்றிரண்டு கோல் தெரிந்த மற்றக் கண்ணாடிகள் எல்லாம் சந்தேகம். தண்ணீர் எங்கே எடுத்தாய் என்று ரிஸ்வானைக் கேட்டேன். வடிநீர் போதாமல் போனதாம். கூரைத் தாங்கியில், மேல்தொட்டியில், நின்ற தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அதில் கழுவினானாம்.

பாவி மகன். வெள்ளம் வந்து வடிந்த ஒவ்வொரு வருடமும் நம் ஊரில் ஒலிபெருக்கி கட்டிக் கத்துவார்களே, கொதித்தாறிய நீரையே பாவியுங்கள் என்று. பால் குடிக்கிற காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன். குடிக்க அது போதும். தாங்கியின் அடியில் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் வாழும், ஆளுக்குத் தீங்கு செய்யாதவை, ஆனால் அதே சிவப்பில் சாயம் ஏறும். கொதிக்க வைத்தால் சாகும். செத்த உடம்பும் சிவப்பாகத்தான் தெரியும். மட்டக்களப்பான் ஒருவன்தான் இவ்வளவு ஒழுங்காக இந்தப் பிழையை விடுவான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, தர்சினி குறுக்கே வந்தாள். "அவர் மௌத்து மிஸ். அவ்வளவுதான். கையைக் கழுவித்து வரட்டும்" என்றாள்.

அந்தச் செட்டிபாளையத்துப் பிள்ளையின் வாயில் உன் குரல் வந்தது புள்ள. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரிஸ்வான் உண்மையாகவே போய்க் கையைக் கழுவினான். தர்சினி என்னைக் கேட்கவும் இல்லை, கதவைத் தட்டிப் பரிசோதகரிடம் போய் நின்றாள். நாங்கள் கண்ட முடிவு எல்லாம் பிழை, கழுவின தண்ணீர் சரியில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்றாள். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். "குப்பியளிலை மிச்சம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இன்னொரு தடவைக்கு மட்டும் இருந்தது. "நேரம் மாறாது" என்றார்.

சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? அப்போதுதான் உன் காக்காவின், உன் அண்ணனின், நினைவு வந்தது. முந்தி வடிநீர் முடிந்த நாட்களில் நீ காத்தான்குடியில் அவருடைய கடையிலிருந்து பற்றரித் தண்ணீர்க் கலன் கொண்டு வருவாயே. வாகனப் பற்றரிக்கு விடுகிற அந்தத் தண்ணீரில் உப்பும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனால் அதையும் நம்பாதே, அதற்கும் ஒரு சாட்சி வை என்பாய். ரிஸ்வானின் மோட்டார் சைக்கிளைக் கிளப்பச் சொன்னேன். அவன் தயங்கினான். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம், காத்தான்குடியில் ஒரு கடை திறந்திருக்காது. "நீயும் தொழுதிட்டு வா மனே, பள்ளி வாசல்ல காக்காவப் பிடி" என்று அனுப்பினேன்.

அவன் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய், தொழுதுவிட்டு, பள்ளிவாசல் படியில் காக்காவைப் பிடித்திருக்கிறான். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னானாம். காக்கா முழுவதையும் கேட்கவில்லை. "தங்கச்சிட லெப்புக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டாமலே கடைக்கு நடந்தாராம். கதவைப் பாதி தூக்கி, உள்ளே குனிந்து போய், உடைக்காத கலன்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாராம்.

பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் செய்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் அந்தத் தண்ணீருக்கு ஒரு சாட்சி. தர்சினி பார்த்தாள், ரிஸ்வான் பார்த்தான், ஆளை ஆள் முந்தவில்லை. சுத்தம். அதன் பிறகுதான் குப்பிகளைத் தொட்டார்கள். ஒரு சிந்தல் இல்லை, ஒரு தட்டல் இல்லை. வலை இழுத்த கை பஞ்சு போலப் பூசியது. அவசரமான நேரத்தில் ஆறுதலாகச் செய்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். கடைசியில் மறுபடி சாட்சி, மறுபடி முழு நேரமும். மணி மூன்றரை தாண்டியது. எனக்குத்தான் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"சாட்சியில ஒண்டுமில்ல மிஸ்" என்றாள் தர்சினி. ஒன்றுமில்லை என்ற சொல்லை அவ்வளவு பெருமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த முறை எல்லாம் சிவப்பில்லை. காலையில் கோல் தெரிந்த இரண்டு குப்பிகள் இப்போது வெறுமை. எழுதிக் கொடுத்தார்கள். பரிசோதகர் உறையைக் கிழித்தார். விரலை வைத்து வைத்து ஒப்பிட்டார். அந்த இரண்டு குப்பியிலும் கிருமி வைக்கப்பட்டிருக்கவே இல்லை. காலை முடிவைக் கொடுத்திருந்தால் மேசை அன்றே மூடியிருக்கும்.

"எல்லாம் சரி" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரியான விடை கொண்டு வாற ஆக்கள் கனபேரைக் கண்டிருக்கிறன். எங்கடை விடை பிழை எண்டு தாங்களாவே வந்து நிண்ட ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன். ஆர் உங்களைப் பழக்கினது?" என்று கேட்டார்.

பிள்ளைகள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. உன் மேசையைப் பார்த்தார்கள். வெறும் மேசையை. அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆய்வுகூடத்துக்குள் சத்தம் போடக்கூடாது என்று நீ எழுதி ஒட்டிய கடதாசிக்கு நேர் கீழே நின்று நான் கத்தினேன். நடந்தே ஆக வேண்டியிருந்த கத்தல் அது. பிறகு காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் ஹலோ கூடச் சொல்லவில்லை. "தங்கச்சி பாசாகித்தாளா?" என்று கேட்டார். பிள்ளைகள் பாசா என்று கேட்கவில்லை. "ஓம் காக்கா, பாசாகித்தாள்" என்றேன். உன் வீட்டில் அழாதவள் அன்று உன் கதிரையில் இருந்து வயிறார அழுதேன். அது சந்தோச அழுகைதான், வேறென்ன.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வளைத்தேன். உன் மேசை மூடவில்லை. நிரந்தரமாகிவிட்டது. உள்ளறையில் இப்போது நம் ஆட்களின் கிருமியை நாமே வளர்க்கிறோம், எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று நாமே பார்க்கிறோம். வானில் ஏறிப் போகிற பெட்டி நின்றுவிட்டது. தர்சினி அன்றைய இரண்டு கோல்களையும் விடவில்லை. அவை என்ன, எங்கே வாழ்கின்றன என்று நம் கிணறுகளிலும் தாங்கிகளிலும் வாவியிலும் தண்ணீர் எடுத்துத் தேடினாள், காசநோய்க் கிருமியிலிருந்து அவற்றைப் பிரித்தறியத் தானே வழி பார்த்தாள். போன மாதம் கொழும்பில் ஒரு பெரிய அவையில் அதைப் பேசினாள். வாவிக்கரையில் விஞ்ஞானிகளா என்று கேட்ட அதே மனிதர் முன்வரிசையில் இருந்து கைதட்டினார். நான் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை உனக்குப் பிடித்திருக்கும். ரிஸ்வான்தான் இப்போது தண்ணீருக்குப் பொறுப்பு. குடிக்கிற தண்ணீருக்குக்கூடச் சாட்சி வைப்பான் போல, அவ்வளவு சந்தேகப் பிராணி ஆகிவிட்டான்.

இன்று காலை புதிய அணி வந்தது. படுவான்கரையிலிருந்து, ஓட்டமாவடியிலிருந்து, பட்டணத்திலிருந்து. உன்னைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. வெண்டிக்காயை ஊறவைத்துப் பிழிந்து, சிவப்புச் சாயம் கலந்து, எப்படிச் செய்வதென்று முதலில் நான் செய்து காட்டினேன். வயது போய்விட்டது, ஆனால் வீம்பு போகவில்லை. எல்லாம் முடித்துப் பொருட்களைத் தூக்கினேன். கடதாசியின் ஓரத்தில், கடுகிலும் சின்னதாக, ஒரு சிவப்புப் பொட்டு.

தர்சினியும் ரிஸ்வானும் கூரையைப் பார்த்தார்கள். ஓட்டமாவடிப் பிள்ளை, கூட்டத்தில் இளையவள், அரை மணித்தியாலத்துக்கு முன்புதான் சட்டத்தைக் கேட்டுப் படித்தவள், மெல்லக் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நீங்க மௌத்து" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, சட்டப்படி மிச்சத்தையும் சொன்னாள். "எழும்பிப் போய்க் கையைக் கழுவித்து வாங்க."

நான் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் பயந்தே போனார்கள். உன்னைக் காணாத பிள்ளை புள்ள, உன் வசனத்தை எனக்கே சொல்கிறாள், அதுவும் மரியாதையாக. நீ எழும்பி வருவாய் என்று உன் வீட்டில் நின்று நினைத்தேனே, இந்த வழியால்தான் வருவாய் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன். நன்றாகத் தேய்த்துத்தான் கழுவினேன். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சச் சிவப்பு இப்போதும் இருக்கிறது, அதோடுதான் இதை எழுதி முடிக்கிறேன். நாளைக்கு எனக்குத் திரும்பச் சோதனை. தயிர் முட்டிக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.